போஸ்ட்மார்ட்டம் தப்பானால் என்ன ஆகும்? 12 வருஷம் சிறையில் இருந்த நிரபராதி... கனடா கற்ற பாடமும் நம்ம ஊர் நிலவரமும்

"போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வந்த பிறகுதான் உண்மை தெரியும்." சந்தேக மரணம் எது நடந்தாலும் போலீஸ் தரப்பில் இருந்து முதலில் வரும் பதில் இதுதான். உறவினர்களும் அந்த ரிப்போர்ட்டுக்காகத்தான் காத்திருப்பார்கள். அது வந்துவிட்டால் கடைசி வார்த்தை சொல்லியாச்சு என்று எல்லோரும் எடுத்துக்கொள்வோம்.

ஆனால், அந்த ரிப்போர்ட்டை எழுதிய டாக்டருக்கு அதற்கான பயிற்சி இருந்ததா? இந்தக் கேள்வியை நாம பெரும்பாலும் கேட்பதே இல்லை. கேட்காமல் விட்டதால் ஒரு நாட்டில் பெற்ற குழந்தையைக் கொன்றதாகத் தாய்மார்கள் சிறைக்குப் போனார்கள். நடக்காத கொலைக்கு ஓர் இளைஞர் 12 ஆண்டுகள் உள்ளே இருந்தார்.

அது எப்படி நடந்தது? போஸ்ட்மார்ட்டம் செய்ய என்ன படிக்க வேண்டும்? தமிழ்நாட்டில் யார் செய்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கனடாவில் என்ன நடந்தது?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சார்லஸ் ஸ்மித் என்ற டாக்டர் இருந்தார். டொரண்டோவின் புகழ்பெற்ற குழந்தைகள் மருத்துவமனையில் பேத்தாலஜிஸ்ட், அதாவது நோய்க்குறியியல் நிபுணர். 1980களிலும் 90களிலும் அந்த மாகாணத்தில் சந்தேகத்துக்கிடமாக இறந்த குழந்தைகளின் வழக்கு என்றாலே இவரிடம்தான் கருத்து கேட்பார்கள். இவர் சொன்னால் போலீஸ் நம்பும், அரசு வழக்கறிஞர் நம்புவார், ஜூரியும் நம்பும்.

3 வழக்குகளை மட்டும் பார்ப்போம்.

வழக்கு 1: டிம்மின்ஸ் என்ற ஊரில் 16 மாதக் குழந்தை இறந்தது. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தது 12 வயது சிறுமி. குழந்தை படியில் இருந்து விழுந்துவிட்டது என்று அவள் சொன்னாள். அவ்வளவு உயரத்தில் இருந்து விழுந்தால் சாவு வராது, யாரோ பிடித்து உலுக்கியிருக்கிறார்கள் என்றார் ஸ்மித். 1991ல் அந்தச் சிறுமியை விடுதலை செய்த நீதிபதி, ஸ்மித்தின் ஆய்வு முறையைக் கடுமையாக விமர்சித்தார். அந்த எச்சரிக்கையை யாரும் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகுதான் அவருக்குக் குழந்தைகள் தடயவியல் பிரிவின் தலைமைப் பொறுப்பே கிடைத்தது!

வழக்கு 2: 1993ல் 4 வயது சிறுமி படுக்கையில் இறந்துகிடந்தாள். பாலியல் வன்கொடுமை செய்து கழுத்தை நெரித்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு ஸ்மித்தின் கருத்து துணைநின்றது. சிறுமியின் உறவினரான வில்லியம் மல்லின்ஸ்-ஜான்சன் குற்றவாளி என 1994ல் தீர்ப்பு வந்தது. பல வருஷம் கழித்து வேறு நிபுணர்கள் பார்த்தபோது வன்கொடுமைக்கும் ஆதாரம் இல்லை, கொலைக்கும் ஆதாரம் இல்லை. இறந்த பிறகு எந்த உடலிலும் இயல்பாக வரும் மாற்றங்களைக் காயம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மறு ஆய்வுக்குத் தேவையான திசு மாதிரிகள் காணாமல் போயிருந்தன. தேடிப் பார்த்தால் அவை ஸ்மித்தின் அலுவலகத்திலேயே இருந்தன. 12 ஆண்டு சிறைக்குப் பிறகு 2005ல் ஜாமீன், 2007ல் விடுதலை.

வழக்கு 3: 1997ல் கிங்ஸ்டன் நகரில் 7 வயது சிறுமியின் உடல் முழுக்கக் காயங்களோடு கிடைத்தது. 80க்கும் மேற்பட்ட கத்திக்குத்து அல்லது கத்தரிக்கோல் குத்து என்றார் ஸ்மித். தாய் கைது செய்யப்பட்டார். அந்த வீட்டில் பிட்புல் நாய் இருந்தது. உடலைத் தோண்டி எடுத்து மறுபடி ஆய்வு செய்த பிறகுதான் அவை நாய்க்கடி என்று மற்ற நிபுணர்கள் சொன்னார்கள். 2001ல் தாய் மீதான வழக்கு வாபஸ் ஆனது.

இது ஒருவரின் தவறு மட்டும்தானா?

ஒன்டாரியோவின் தலைமை மரண விசாரணை அலுவலகம் 2005ல் மறு ஆய்வுக்கு உத்தரவிட்டது. ஸ்மித் கையாண்ட 45 வழக்குகளை வெளி நிபுணர்கள் பார்த்தார்கள். அதில் 20 வழக்குகளில் அவர் சொன்ன கருத்தை அவர்களால் ஏற்க முடியவில்லை. முடிவு 2007ல் வெளியானதும் நீதிபதி ஸ்டீபன் கோஜ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 2008 அக்டோபரில் அவர் கொடுத்த அறிக்கையில் மொத்தம் 169 பரிந்துரைகள்.

ஆணையம் கண்டுபிடித்ததில் முக்கியமானது எது தெரியுமா? ஸ்மித் தகுதியான குழந்தைகள் பேத்தாலஜிஸ்ட்தான். ஆனால் தடயவியல் பேத்தாலஜியில் அவருக்கு முறையான பயிற்சியே கிடையாது. அவரை மேற்பார்வை செய்தவர்களுக்கும் கிடையாது. அவர் பணியாற்றிய அந்தக் காலத்தில் கனடாவில் அதற்கென அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் கிடையாது.

இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. நீதிமன்றத்தில் தன் வேலை அரசுத் தரப்புக்கு உதவுவதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்ததாக ஸ்மித்தே ஆணையத்தில் ஒப்புக்கொண்டார். நிபுணர் சாட்சி எந்தத் தரப்புக்கும் ஆள் இல்லை என்பது தடயவியல் பயிற்சியின் முதல் பாடம். அந்தப் பாடத்தை அவருக்கு யாரும் எடுக்கவில்லை.

சூழலும் அப்படித்தான் இருந்தது. குழந்தை மரணம் என்றால் முதலில் சந்தேகக் கண்ணோடு பாருங்கள் என்று 1995ல் மரண விசாரணை அலுவலகமே சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. பயிற்சியும் இல்லை, முன்முடிவும் இருக்கிறது என்றால் ரிப்போர்ட் எப்படி வரும்?

2011ல் ஸ்மித்தின் மருத்துவ உரிமம் பறிக்கப்பட்டது.

பேத்தாலஜிஸ்ட் வேற, தடயவியல் டாக்டர் வேறயா?

ஆமாம். இரண்டு பேருமே உடலைத் திறந்து பார்ப்பவர்கள்தான். ஆனால் அவர்கள் பதில் தேடும் கேள்விகள் வேறு.

மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தவர் இறந்துபோகிறார். என்ன நோய், சிகிச்சை ஏன் பலிக்கவில்லை என்று தெரிந்துகொள்ள, குடும்பத்தின் சம்மதத்தோடு செய்வது மருத்துவ பிரேதப் பரிசோதனை. இது பேத்தாலஜிஸ்ட் வேலை. உறுப்புகளைப் பார்ப்பார், திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்.

சந்தேக மரணத்தில் செய்வது சட்டம் சார்ந்த பிரேதப் பரிசோதனை. இதற்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. சட்டப்படி நடக்கும். இங்கே தேட வேண்டிய பதில்கள் இவை:

- இறந்தது யார்?
- எப்போது இறந்தார்?
- காயம் உயிரோடு இருக்கும்போது ஏற்பட்டதா, இறந்த பிறகா?
- எந்த ஆயுதம், எந்தத் திசையில் இருந்து?
- கொலையா, தற்கொலையா, விபத்தா, இயற்கை மரணமா?
- எடுத்த மாதிரி யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது?

உதாரணத்துக்கு ஒன்று. இதயம் நின்றதும் ரத்தம் புவியீர்ப்பால் உடலின் கீழ்ப்பகுதியில் தேங்கும். மல்லாந்து கிடந்தால் முதுகில், குப்புறக் கிடந்தால் முகத்திலும் மார்பிலும் கருஞ்சிவப்பாக நிறம் மாறும். பழக்கம் இல்லாத கண்ணுக்கு அது அடிபட்ட கன்றல் மாதிரியே தெரியும். உடல் அழுகத் தொடங்கினால் வயிறு உப்பும், மூக்கிலும் வாயிலும் ரத்தம் கலந்த நீர் வரும். தாக்கப்பட்டதால் வந்த ரத்தம் என்று உறவினர்கள் நினைத்துவிடுவார்கள். எலி, எறும்பு, நாய் ஏற்படுத்தும் காயங்கள் தனி.

இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் ஒரு கன்றலையும் தேங்கிய ரத்தத்தையும் பிரித்துச் சொல்லும் துணிவு, சீனியர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர, நூற்றுக்கணக்கான உடல்களைப் பார்த்த பிறகுதான் வரும். கேன்சர் கட்டியை நொடியில் கண்டுபிடிக்கும் பேத்தாலஜிஸ்ட்டுக்குக் கத்திக்குத்தும் நாய்க்கடியும் குழம்பிப் போனது இதனால்தான்.

ஸ்மித் விவகாரத்துக்குப் பிறகு என்ன மாறியது?

ஒன்டாரியோவில் 2009ல் சட்டம் திருத்தப்பட்டது. தடயவியல் பேத்தாலஜிக்கென்று தனி அரசு அமைப்பு உருவானது. இந்த வகைப் பிரேதப் பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்றால் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். சிக்கலான வழக்குகளின் ரிப்போர்ட்டை இன்னொரு நிபுணர் சரிபார்க்க வேண்டும். டொரண்டோ பல்கலைக்கழகத்தில் தடயவியல் பேத்தாலஜி பயிற்சி தொடங்கியது. பேத்தாலஜி மேற்படிப்பை முடித்த பிறகு, இதற்காகவே கூடுதலாக ஓர் ஆண்டு.

அமெரிக்காவில் இந்தத் தனிப் பயிற்சி முன்பே இருந்தது. தடயவியல் பேத்தாலஜிக்கான சான்றிதழ் தேர்வு 1959ல் இருந்தே நடக்கிறது. 4 ஆண்டு பேத்தாலஜி ரெசிடென்சி, பிறகு ஓர் ஆண்டு ஃபெலோஷிப்.

ஆனால் அங்கே பிரச்சனை வேறு மாதிரி. உடல்களைப் பார்த்துக் கற்கும் வாய்ப்பே குறைந்துகொண்டு வருகிறது. 1940களில் அமெரிக்க மருத்துவமனைகளில் இறந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிரேதப் பரிசோதனை நடந்தது. இன்று பத்தில் ஒன்றுகூட இல்லை. மருத்துவமனைகள் குறைந்தபட்சம் இத்தனை சதவீதம் செய்தே ஆக வேண்டும் என்ற விதியை 1970களின் தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள். ஸ்கேன் வந்த பிறகு உடலைத் திறந்து பார்ப்பது எதற்கு என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

விளைவு, பேத்தாலஜி ரெசிடென்ட் ஒருவர் பயிற்சிக் காலத்தில் 50 பிரேதப் பரிசோதனைகளில் பங்கேற்க வேண்டும் என்றிருந்த விதி இப்போது 30 ஆகக் குறைக்கப்பட்டுவிட்டது. இன்னொரு பக்கம், முழுநேரத் தடயவியல் பேத்தாலஜிஸ்ட்கள் அவ்வளவு பெரிய நாட்டில் ஆயிரம் பேர்கூட இல்லை. ஒரு டாக்டர் வருஷத்துக்கு 250க்கு மேல் செய்யாமல் இருப்பது நல்லது, 325ஐத் தாண்டவே கூடாது என்று அவர்களின் தேசிய சங்கம் வரையறுத்திருக்கிறது. அதைத் தாண்டினால் தரம் கெடும் என்பதுதான் காரணம்.

பற்றாக்குறைக்கு என்ன காரணம்? ஒரு வருஷம் கூடுதலாகப் படித்துவிட்டு அரசு வேலைக்குப் போனால், மருத்துவமனையில் பயாப்ஸி பார்க்கும் பேத்தாலஜிஸ்ட்டைவிடச் சம்பளம் குறைவு. நீதிமன்ற அலைச்சல் வேறு. யார் வருவார்கள்?

இந்தியாவில் யார் செய்கிறார்கள்?

இங்கே அமைப்பே வேறு. சந்தேக மரணங்களுக்கான பிரேதப் பரிசோதனை பேத்தாலஜி துறைக்கு வராது. தடயவியல் மருத்துவம் என்று தனித் துறை, எம்பிபிஎஸ் முடித்த பிறகு 3 ஆண்டு எம்டி படிப்பு. உள்ளுறுப்புகளின் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டியிருந்தால் மட்டும் பேத்தாலஜி துறைக்கு அனுப்புவார்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. நேரடியாகத் தடயவியலே படித்தவர்கள்! ஆனால் சட்டம் என்ன சொல்கிறது?

சந்தேக மரணங்களைப் போலீஸ் விசாரிப்பது முன்பு சிஆர்பிசி 174வது பிரிவின் கீழ். 2024 ஜூலை 1 முதல் பிஎன்எஸ்எஸ் 194வது பிரிவு. உடலை அருகில் உள்ள சிவில் சர்ஜனிடமோ, மாநில அரசு நியமித்த தகுதியுள்ள மருத்துவரிடமோ அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். தடயவியலில் எம்டி படித்தவராக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆங்கிலேயர் காலத்து ஏற்பாடு அப்படியே தொடர்கிறது.

அதனால் மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர்களில் தடயவியல் துறைப் பேராசிரியர்கள் செய்கிறார்கள். தாலுகா அளவிலான அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் டியூட்டி டாக்டர்தான். காலையில் புறநோயாளிகளைப் பார்த்தவர், மதியம் பிணவறைக்குப் போவார். எம்பிபிஎஸ்ஸில் ஒரு பாடமாகத் தடயவியல் படித்திருப்பார், மாணவராகச் சில பரிசோதனைகளை நின்று பார்த்திருப்பார். அவ்வளவுதான் பயிற்சி. டாக்டர் தள்ளி நின்று குறிப்பெடுக்க, பிணவறை ஊழியரே உடலை அறுக்கிறார் என்ற புகாரும் பல காலமாக உண்டு.

அந்த டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. சாலை விபத்தில் இறந்தவருக்கு அவர் எழுதும் ரிப்போர்ட் போதுமானதாகவே இருக்கலாம். ஆனால் தூக்கில் தொங்கிய நிலையில் கிடைத்த உடல், கிணற்றில் கிடைத்த உடல், கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் இறந்த பெண்ணின் உடல்... இவை அவர் மேஜைக்கு வரும்போதுதான் சிக்கல். தூக்கில் தொங்கியதா, நெரித்துவிட்டுத் தொங்கவிட்டதா என்பதைக் கழுத்தில் உள்ள தடத்தின் சாய்வும், உள்ளே உள்ள திசுக்களும்தான் சொல்லும். முதல் பரிசோதனையிலேயே அதைக் குறித்து, படம் எடுத்து வைக்கவில்லை என்றால் போனது போனதுதான். ஏன்னா, ஒருமுறை திறந்த உடல் மறுபடி பழைய நிலையில் கிடைக்காது. மறு பிரேதப் பரிசோதனை என்பது முதல் பரிசோதனையின் மிச்சத்தைப் பார்ப்பதுதான். 2022ல் கள்ளக்குறிச்சி பள்ளி மாணவி மரணத்தில் உயர் நீதிமன்றம் மறு பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிட்டதும், பிறகு இரண்டு ரிப்போர்ட்டையும் ஜிப்மர் டாக்டர்கள் ஆய்வு செய்ததும் நினைவிருக்கலாம்.

எம்டி தடயவியல் படிக்க வருபவர்களும் குறைவு. நீட் பிஜி கலந்தாய்வில் கடைசிவரை காலியாகக் கிடக்கும் இடங்களில் இந்தத் துறை தவறாமல் இருக்கும். தனியார் பிராக்டீஸுக்கு வழியில்லை, இரவு பகல் பாராத வேலை, பல வருஷம் கழித்தும் சாட்சி சொல்ல நீதிமன்றச் சம்மன் வரும்.

ஒரு சுவாரஸ்யமான தகவல்: இந்தியாவில் பதிவான முதல் சட்டம் சார்ந்த பிரேதப் பரிசோதனை நடந்ததே சென்னையில்தான் என்று தடயவியல் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. ஆண்டு 1693. செய்தவர் எட்வர்ட் பல்க்லி என்ற டாக்டர். விஷம் கொடுக்கப்பட்டதா என்ற சந்தேகம்தான் அப்போதும்.

காவல் மரணம் என்றால் விதிகள் வேறயா?

வேற. காவல் நிலையத்திலோ நீதிமன்றக் காவலிலோ ஒருவர் இறந்தால் பிஎன்எஸ்எஸ் 196வது பிரிவின்படி மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும். காவல் மரணப் பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமைகள் ஆணையம் 1995லேயே மாநிலங்களுக்கு எழுதியது.

சாத்தான்குளம் தந்தை, மகன் மரணம் நாட்டையே உலுக்கிய 2020ஆம் ஆண்டு டிசம்பரில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு வழக்கில் தெளிவான வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. முக்கியமானவை:

- தடயவியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற, மருத்துவக் கல்லூரியில் பணியாற்றும் 2 டாக்டர்கள் செய்ய வேண்டும்
- முழுவதும் வீடியோ பதிவு செய்ய வேண்டும்
- முன்பும் பின்பும் உடலைக் குடும்பத்தினர் பார்க்க அனுமதிக்க வேண்டும்
- எலும்பு முறிவு தெரிய உடல் முழுவதும் எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் எடுக்க வேண்டும்
- குடும்பம் நீதிமன்றத்தை நாட விரும்பினால் உடலைக் குறைந்தது 48 மணி நேரம் பாதுகாக்க வேண்டும்

இதன் பலன் என்ன? 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் பதிவான 40க்கும் மேற்பட்ட காயங்களைச் சுட்டிக்காட்டித்தான் உயர் நீதிமன்றம் போலீஸாரைக் கடுமையாகக் கேள்வி கேட்டது. ஒவ்வொரு காயமும் எங்கே, என்ன அளவு என்று எழுத்தில் இருந்தால் அதை யாரும் எளிதில் மறைக்க முடியாது.

ஆனால் கவனியுங்கள். அந்த மதுரைக் கிளை வழிகாட்டுதல் காவல் மரணங்களுக்கானது. வீட்டில் மர்மமாக இறந்த மருமகளுக்கு 2 தடயவியல் நிபுணர்கள் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆர்டிஓ விசாரணை இருக்கும். உடலைத் திறக்கும் டாக்டர் யார் என்பது, எந்த மருத்துவமனைக்கு உடல் போகிறது என்பதைப் பொறுத்தது.

ஸ்கேன் வந்துவிட்டால் பிரச்சனை தீருமா?

டெல்லி எய்ம்ஸில் 2021ல் விர்ச்சுவல் ஆட்டோப்ஸி தொடங்கப்பட்டது. உடலை அறுக்காமல் சிடி ஸ்கேனில் வைத்து எலும்பு முறிவு, குண்டு போன்றவற்றைப் பார்ப்பார்கள். உடலைச் சிதைக்க வேண்டாமே என்று தவிக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். அதே ஆண்டு நவம்பரில், வசதி உள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தது. கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல் போன்றவற்றுக்கு மட்டும் பொதுவாக விலக்கு.

இரண்டும் நல்ல மாற்றங்கள்தான். ஆனால் ஸ்கேன் படத்தையும் ஒருவர் பார்த்து அர்த்தம் சொல்ல வேண்டுமே! விஷம், கழுத்துத் தசையில் உள்ள மெல்லிய ரத்தக்கசிவு போன்றவற்றுக்கு ஸ்கேன் மட்டும் போதாது.

குடும்பத்தினர் என்ன கேட்கலாம்?

- சந்தேகம் இருந்தால் உடலை வாங்குவதற்கு முன்பே போலீஸிடம் எழுத்துப்பூர்வமாகச் சொல்லுங்கள். எரித்த பிறகு சொன்னால் மறு பரிசோதனைக்கு வழியே இல்லை.
- தடயவியல் துறை உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடலை அனுப்பும்படி கோரிக்கை வைக்கலாம். மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.
- வீடியோ பதிவு செய்யும்படி கேட்கலாம்.
- 'விசேரா ரிப்போர்ட்' நிலுவை என்றால், உள்ளுறுப்பு மாதிரி தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது என்று பொருள். இது காவல்துறை சார்ந்த உள்துறையின் கீழ் வரும் ஆய்வகம். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரின் துறை வேறு. இந்த முடிவு வந்த பிறகுதான் இறுதிக் கருத்து.
- ரிப்போர்ட்டில் 'இறுதிக் கருத்து நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று இருந்தால் பதற வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது நல்ல டாக்டரின் அடையாளம்.

மல்லின்ஸ்-ஜான்சன் வழக்கில் யாராவது அப்படி ஒரு வரி எழுதியிருந்தால் அவர் சிறைக்கே போயிருக்க மாட்டார். கனடா அதைப் புரிந்துகொண்டு படிப்பையும் சட்டத்தையும் சேர்த்தே மாற்றியது. நம்மிடம் தனிப் படிப்பு இருக்கிறது, சந்தேக மரணம் என்றால் அதைப் படித்தவர்தான் பார்க்க வேண்டும் என்ற சட்டம் இல்லை. பிஎன்எஸ்எஸ் கொண்டுவந்தபோது 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் சம்பவ இடத்துக்குத் தடய அறிவியல் நிபுணர் வர வேண்டும் என்று புதிதாகச் சேர்த்தார்கள். பிணவறைக்குள் யார் இருக்க வேண்டும் என்ற வரியை மட்டும் பழையபடியே விட்டுவிட்டார்கள்.